எம்.எஸ்சி. கணிதம், புள்ளியியல் ரீடிங் ப்ராஜெக்ட்: தலைப்பு தேடுவது முதல் வைவா (வாய்மொழித் தேர்வு) வரை முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் வகுப்பும் இல்லாமல் பாடத்திட்டமும் இல்லாமல், ஒரு கைடின் மேற்பார்வையில் நீங்களே ஒரு பகுதியைப் படித்து எழுதித் தரவேண்டிய தாள் ஒன்று வரும். சில துறைகளில் அதற்கு ப்ராஜெக்ட் என்று பெயர், சில இடங்களில் ரீடிங் கோர்ஸ். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்திலும் கணித மாணவர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

இதில் மாணவர்கள் தடுமாறுவதைப் பல வருடங்களாகப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். கணக்கு வராமல் மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. வேலைகளை வரிசை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். அதனால் இங்கே எல்லாவற்றையும் செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

கடைசி வரை ஒரே ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். 52 சீட்டுள்ள கட்டு. மேல் சீட்டை எடுத்துக் கட்டுக்குள் எங்காவது செருகுகிறோம். திரும்ப மேலேயே வைப்பதும் சேர்த்து மொத்தம் 52 இடங்கள், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் எத்தனை முறைக்குப் பிறகு கட்டு நன்றாகக் கலைந்திருக்கும்? நிகழ்தகவு அறிஞர்களான டேவிட் ஆல்டஸ், பெர்சி டயகோனிஸ் இருவரும் 1986இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தக் கேள்வியை அழகாகத் தீர்க்கிறது. எம்.எஸ்சி. மாணவர் ஒரு செமஸ்டரில் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய அளவுதான். கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் பொதுவானதும்கூட.

1. கைடைப் பார்க்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

"சார், ஏதாவது டாபிக் குடுங்க" என்று வெறுங்கையோடு போகாதீர்கள். அப்படிப் போனால் கைடு தனக்குப் பழக்கமான, போன வருடம் வேறொருவர் செய்த தலைப்பைத் தருவார். அதில் உங்களுக்கு ஆர்வம் இருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மூன்று விஷயங்களை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இதுவரை படித்த பாடங்களில், புத்தகத்தைப் பார்க்காமல் நிரூபிக்க முடிகிற ஐந்து தேற்றங்கள். பிடித்திருந்தும் பாதியில் விட்ட இரண்டு பகுதிகள். வாரத்துக்கு நிஜமாக எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்பது.

முதல் பட்டியலைப் பார்த்தால் உங்கள் அடித்தளம் எங்கே நிற்கிறது என்று கைடுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மதிப்பெண் பட்டியல் அதைக் காட்டாது. மணிக்கணக்கில் உண்மையை எழுதுங்கள். வேறு நான்கு தாள்களும் நெட் தேர்வுக்கான படிப்பும் இருக்கும்போது 20 மணி நேரம் என்று எழுதினால், மூன்றாவது வாரமே அது பொய்யாகிவிடும். 8 மணி நேரம் தவறாமல் கிடைத்தாலே நல்ல ப்ராஜெக்ட் செய்யலாம்.

2. தலைப்பு வேண்டாம், ஒரு தேற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்

"மார்க்கோவ் சங்கிலிகள்" (அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே பொறுத்து அமையும் சமவாய்ப்பு நகர்வுகள்) என்பது தலைப்பு. அதற்குக் கரை கிடையாது. "மேல் சீட்டைச் செருகும் முறையில் 52 சீட்டுகள் சுமார் 300 முறைக்குள் கலைந்துவிடும் என்பதை நிரூபிப்பது" என்பது போய்ச் சேரவேண்டிய இடம். சேர்ந்துவிட்டோமா இல்லையா என்பது நமக்கே தெரியும்.

தேற்றத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். அதன் கூற்று இப்போதே ஓரளவாவது புரியவேண்டும். நிரூபணம் ஐந்தாறு பக்கங்களுக்கு மேல் போகக்கூடாது. சிறிய எண்களைப் போட்டுக் கையால் சோதிக்க வழி இருக்கவேண்டும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சோதித்துப் பார்க்க முடியாத தேற்றத்தை மாணவர்கள் மனப்பாடம்தான் செய்கிறார்கள்.

புள்ளியியல் மாணவர்களுக்கும் இதே விதிதான். "பூட்ஸ்ட்ராப் முறைகள்" (கையில் உள்ள மாதிரியிலிருந்தே திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுத்து மதிப்பிடுவது) என்று எழுதாதீர்கள். "சீரான பரவலின் மேல் எல்லையை மதிப்பிடும்போது சாதாரண பூட்ஸ்ட்ராப் ஏன் தோற்கிறது?" என்று கேளுங்கள். மறுமாதிரியின் மிகப்பெரிய மதிப்பு, அசல் மாதிரியின் மிகப்பெரிய மதிப்பாகவே இருக்கும் வாய்ப்பு சுமார் 0.632. இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டே ஒரு முழு ப்ராஜெக்டை நகர்த்திச் செல்லலாம்.

3. தேற்றத்திலிருந்து பின்னோக்கி நடங்கள்

அதிகம் பேர் தவறவிடும் படி இது. தேற்றம் கையில் வந்ததும் நல்ல புத்தகம் ஒன்றை எடுத்து முதல் அத்தியாயம், முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காருகிறார்கள். நிகழ்தகவு என்றால் சிக்மா இயற்கணிதத்தில் தொடங்குவார்கள். அளவைக் கோட்பாடு (மெஷர் தியரி) முடிவதற்குள் ஆறு வாரம் போய்விடும். சீட்டுக்கட்டின் பக்கமே வந்திருக்கமாட்டார்கள்.

நிரூபணத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். புரியாவிட்டாலும் ஒருமுறை முழுக்க வாசித்து, தெரியாத ஒவ்வொரு சொல்லையும் பென்சிலால் வட்டமிடுங்கள். நம் உதாரணத்தில் வட்டத்துக்குள் விழுபவை இவ்வளவுதான்: முடிவுள்ள மார்க்கோவ் சங்கிலி, அதன் நிலைப் பரவல் (சங்கிலி நகர்ந்தாலும் மாறாத பரவல்), இரண்டு பரவல்களுக்கு இடையிலான மொத்த மாறல் தூரம் (0 என்றால் இரண்டும் ஒன்றே, 1 என்றால் முற்றிலும் வேறு), நிறுத்த நேரம் (இதுவரை நடந்ததை மட்டும் பார்த்து "இப்போது நிறுத்து" என்று சொல்லக்கூடிய நேரம்), கூப்பன் சேகரிப்புக் கணக்கு (எல்லா வகைக் கூப்பனும் கிடைக்க எத்தனை முறை வாங்கவேண்டும் என்பது).

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, எதற்கு எது தேவை என்று அம்புக்குறி போடுங்கள். தூரத்துக்குப் பரவல் போதும். நிறுத்த நேரத்துக்குச் சங்கிலி தெரியவேண்டும். கூப்பன் கணக்குக்குப் பெருக்குப் பரவலின் (முதல் வெற்றி வரை எத்தனை முயற்சி என்பதன்) சராசரி மட்டும் போதும்.

இந்தப் படத்தில் அளவைக் கோட்பாடு எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சீட்டுகளின் வரிசைகள் எத்தனை கோடியானாலும் முடிவுள்ள கணம்தான். கூட்டல் குறியே போதும். எதைப் படிக்கவேண்டாம் என்று இந்தப் படம் சொல்வதுதான் பெரிய லாபம். வெட்டிய ஒவ்வொரு பகுதியும் உங்களுக்கு ஒரு வாரத்தைத் திருப்பித் தருகிறது.

4. கைடிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்

தேற்றம், அம்புக்குறிப் படம், வாரக் கணக்கு மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். சந்திக்கும் நாளும் நேரமும், என்ன எழுதித் தருவீர்கள், எப்படி மதிப்பெண் போடுவார்கள் என்பதையும் அதிலேயே சேருங்கள். துறையின் படிவம் தனியாக இருக்கும், அதையும் நிரப்பிவிடுங்கள். ஆனால் அந்தப் படிவத்தில் வெறும் தலைப்புதான் இருக்கும்.

கைடுக்கு ஏழெட்டு மாணவர்கள் இருப்பார்கள், வகுப்புகள் இருக்கும், தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருக்கும். எட்டாவது வாரத்தில் "இதையும் சேர்த்துக்கோ" என்று புதிதாக ஒன்றைச் சொன்னால், "மேடம், நாம போட்ட திட்டத்துல இது இல்லையே, எதை எடுத்துடலாம்?" என்று பணிவாகக் கேட்க அந்த ஒரு பக்கம் கையில் இருக்கவேண்டும்.

5. வாரங்களைப் பிரிப்பது

15 வாரம் இருக்கிறது என்றால் 15 வாரத்துக்கும் திட்டம் போடாதீர்கள். 12 வாரத்துக்குப் போடுங்கள். உள்தேர்வு, திருவிழா விடுமுறை, காய்ச்சல் என்று மூன்று வாரம் போய்விடும்.

அந்த 12இல் முதல் 5 வாரம் முன்தேவைகள், அடுத்த 3 முக்கிய நிரூபணம், அதற்கு அடுத்த 2 கணினிச் சோதனையும் உதாரணங்களும், கடைசி 2 எழுதியதைச் சீர்படுத்துவது. "சீர்படுத்துவது" என்றுதான் சொல்கிறேன். எழுதுவது முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். கணிதம் தட்டச்சு செய்யும் லேடெக் மென்பொருளைப் பழகுவதையும் இரண்டாவது வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் லேடெக்கைத் திறந்தவர்கள், நிரூபணத்தில் இருந்த ஓட்டைகளைப் பார்க்க நேரமில்லாமல் அச்சுக்கு ஓடியதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

6. வாரத்துக்கு இரண்டு பக்கம், புத்தகத்தை மூடிவிட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் வரையறையை எழுதுங்கள். அதற்குப் பொருந்தும் ஓர் உதாரணம், பொருந்தாத ஓர் உதாரணம். பிறகு நிரூபணம். நின்றுபோன இடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு, "இங்கே ஏன் இப்படி வருகிறது என்று தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள். அந்தச் சிவப்புக் கோடுகள்தான் கைடிடம் எடுத்துப்போக வேண்டியவை.

காரணம் சொல்கிறேன். நன்றாக எழுதப்பட்ட நிரூபணத்தை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் சரி என்றே படும். சரி என்று தலையாட்டுவது வேறு, அந்த வரி அங்கே ஏன் இருக்கிறது என்று தெரிவது வேறு.

ஒரு மாணவி இந்தச் சீட்டுக் கணக்கைப் பலகையில் விளக்கிக்கொண்டிருந்தாள். நிரூபணத்தின் கரு இதுதான்: முதலில் அடியில் இருந்த சீட்டைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அதற்குக் கீழே வந்து சேரும் சீட்டுகள் எந்த வரிசையிலும் சம வாய்ப்போடு இருக்கும். அந்த அடிச்சீட்டு மெல்ல மெல்ல மேலே ஏறும். அது உச்சிக்கு வந்ததும், அதற்குக் கீழே இருக்கிற 51 சீட்டுகளும் முழுக்கக் கலைந்திருக்கும். "அப்போ கட்டு கலைஞ்சிடுச்சு, சார்" என்று முடித்தாள்.

"அந்த நேரத்துல மேல் சீட்டு எதும்மா?" என்று கேட்டேன்.

"பழைய அடிச்சீட்டு, சார்."

"எவ்வளவு நிச்சயமா?"

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் சீட்டு எது என்று நூற்றுக்கு நூறு தெரிகிற கட்டு எப்படிக் கலைந்த கட்டாகும்? பிறகு தானாகவே சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, கடைசியில் "+ 1" என்று எழுதினாள். அந்தச் சீட்டையும் ஒருமுறை எடுத்துச் செருகினால்தான் 52ம் கலையும். அந்த "+ 1" அவள் படித்த பக்கத்திலேயே இருந்தது. கண் அதன் மேல் ஓடிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஓட்டையைக் கண்டுபிடிக்க இன்னொரு நல்ல வழி, மிகச் சிறிய எண்ணில் செய்து பார்ப்பது. 3 சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைகள் மொத்தம் 6. அடிச்சீட்டு ஒரு படி ஏற சராசரியாக 3 முறை, அடுத்த படி ஏற 1.5 முறை, கடைசியாகச் செருக 1 முறை. ஆக 5.5. இதைத் தாளில் போட்டுப் பார்த்தவர்களுக்கு 52க்கான கணக்கு தானாக வந்துவிடும்: 52ஐ 1 + 1/2 + 1/3 + ... + 1/52 என்ற கூட்டுத்தொகையால் பெருக்கினால் சுமார் 236. இது சராசரிதான். சில சமயம் இதைத் தாண்டியும் போகும் என்பதால்தான் தேற்றத்தில் சுமார் 300 என்று வைத்தோம்.

7. சந்திப்பு நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது

வாரம் 40 நிமிடம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே அந்த இரண்டு பக்கத்தை அனுப்பிவிடுங்கள். அறைக்குள் போனதும் பலகையில் 15 நிமிடம் நீங்கள் விளக்குங்கள். மிச்ச நேரம் சிவப்புக் கோடுகளுக்கு.

"புரியல சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கைடு முதலிலிருந்து பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார், நேரம் முடிந்துவிடும். "மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு எப்படிப் போனோம்? சார்பின்மை தேவைப்படும் என்று நினைக்கிறேன், ஆனால் இங்கே சார்பின்மை இருக்கிறதா என்று தெரியவில்லை" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் பதில் ஐந்து நிமிடத்தில் வரும்.

எதுவுமே படிக்காத வாரத்திலும் போங்கள். போகாமல் விட்ட ஒரு வாரம் மூன்று வாரமாக நீளும். வெட்கப்பட்டுத் தலைமறைவாகிற மாணவரைத் தேடிப் பிடிப்பதைவிட, "இந்த வாரம் முடியல மேடம்" என்று வந்து நிற்பவருக்கு உதவுவது எந்தக் கைடுக்கும் எளிது. அறையை விட்டு வெளியே வந்ததும், பேசி முடிவானதை நான்கு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

8. கணினியில் சோதனை

ஆர், பைத்தான் என்று நிரல்மொழி எதுவானாலும் சரி. நிரூபணம் கையில் வந்தபிறகுதான் இந்தப் படி. முன்னாலேயே செய்தால் படத்தைப் பார்த்துத் திருப்தியாகி நிரூபணத்தை விட்டுவிடத் தோன்றும்.

மாணவர்கள் 100 முறை ஓட்டிச் சராசரி எடுத்து, "ஏறக்குறைய ஒத்துப்போகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். எவ்வளவு ஏறக்குறைய என்று எழுதவேண்டும். நம் சீட்டுக் கணக்கில், கட்டு கலைய ஆகும் முறைகளின் எண்ணிக்கையின் திட்ட விலக்கம் சுமார் 64.5. அதனால் 100 முறை ஓட்டினால் சராசரியின் திட்டப்பிழை சுமார் 6.5, 10,000 முறை ஓட்டினால் சுமார் 0.65.

இது ஏன் முக்கியம் என்றால், நிரலில் பொதுவாக வரும் பிழை ஒன்று: சீட்டைத் திரும்ப மேலேயே வைக்கும் வாய்ப்பை மறந்து, 51 இடங்களில் மட்டும் செருகுவது. அப்போது சராசரி 236க்குப் பதில் சுமார் 231 ஆகிவிடும். 100 முறை ஓட்டினால் இந்த வித்தியாசம் திட்டப்பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். 10,000 முறை ஓட்டினால் பளிச்சென்று தெரியும். மாணவி விட்ட "+ 1" இன்னும் நுணுக்கமானது. அங்கே வித்தியாசம் வெறும் 1தான், 10,000 முறை ஓட்டினாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதைப் பிடிக்க 10 லட்சம் முறை ஓட்டவேண்டும், அல்லது தாளில் யோசிக்கவேண்டும்.

புள்ளியியல் ப்ராஜெக்டில் நம்பிக்கை இடைவெளிகளை ஒப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 95 சதவீத இடைவெளியை 1,000 முறை சோதித்தால், உண்மை மதிப்பு அதற்குள் விழும் விகிதத்தின் திட்டப்பிழை சுமார் 0.007. ஒரு வகை இடைவெளிக்கு அந்த விகிதம் 0.94, இன்னொன்றுக்கு 0.95 என்று வந்தால், அதை மட்டும் வைத்து இரண்டாவது சிறந்தது என்று எழுதாதீர்கள்.

சமவாய்ப்பு எண்களின் தொடக்க விதை எண்ணை நிரலில் குறித்து வையுங்கள். மென்பொருளின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். வைவாவில் யாராவது "மறுபடி ஓட்டிக் காட்டுங்க" என்றால் அதே எண் வரவேண்டும்.

9. ஒரே இடத்தில் நின்றுபோனால்

இரண்டு மணி நேரம் முயன்றும் நகரவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள். முதலில் சிறிய எண், 3 சீட்டு. அடுத்து, ஒரு நிபந்தனையை நீக்கிவிட்டு எங்கே உடைகிறது என்று பாருங்கள். பிறகு வேறொரு புத்தகம். ஒரே தேற்றத்தை இன்னொருவர் எழுதியதில் உங்கள் முடிச்சு அவிழ்ந்திருக்கும். கட்டுரை தேட ஆர்க்கைவ் (arXiv) என்ற இலவசக் கட்டுரைத் தளம் இருக்கிறது. 2021 முதல் இசட்பிமேத் (zbMATH) என்ற கணிதக் கட்டுரைகளின் தேடல் தளமும் எல்லோருக்கும் இலவசம். அதற்கும் பிறகு கைடு.

ஏஐயிடம் கேட்பதானால் கடைசியில் கேளுங்கள். அது தரும் நிரூபணத்தை, சக மாணவர் தந்த விடைத்தாளைத் திருத்துவதுபோல வரி வரியாகச் சரிபாருங்கள். பிழையான நிரூபணத்தையும் அது அதே உறுதியான நடையில்தான் எழுதும்.

10. அறிக்கை

வாரா வாரம் இரண்டு பக்கம் எழுதியிருந்தால், இப்போது உங்களிடம் 20 பக்கத்துக்கு மேல் இருக்கும். அதை ஒழுங்குபடுத்தினாலே போதும்.

முதலில் குறியீடுகளைச் சரிசெய்யுங்கள். இரண்டு புத்தகங்களிலிருந்து படித்ததால், ஒரே எழுத்து ஓர் இடத்தில் பரவலையும் இன்னோர் இடத்தில் மாறிலியையும் குறிக்கும். தேர்வாளர் முதலில் பிடிப்பது இதைத்தான். அடுத்து, "எளிதில் காணலாம்", "தெளிவாக" என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் தேடி, அந்த வரியை விரித்து எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் அங்கேதான் ஓட்டை இருக்கிறது.

எந்த நிரூபணம் எங்கிருந்து வந்தது, எந்த உதாரணம் நீங்களே போட்டது என்று பிரித்துச் சொல்லுங்கள். முன்னுரையில், "இது புதிய முடிவு அல்ல, தெரிந்த ஒரு தேற்றத்தின் விளக்கம்" என்று நேராகவே எழுதலாம். எம்.எஸ்சி. அளவில் அது முழுக்கக் கௌரவமானது. யூஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. நிலையான குறியீடுகளும் சமன்பாடுகளும் அந்தக் கணக்கில் வராது. அதற்காக 9 சதவீதம் நகல் எடுக்கலாம் என்று கணக்குப் போடவேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு எழுதியவர்களுக்கு இந்தக் கவலையே வராது.

11. வைவா

25 சிலைடு போட்டுக்கொண்டு போகாதீர்கள். கேள்வி, தேற்றத்தின் கூற்று, நிரூபணத்தின் கரு, சோதனைப் படம், இன்னும் தெரியாதது. பத்து சிலைடுக்குள் முடியும்.

புறத்தேர்வாளர் உங்கள் தலைப்பில் நிபுணராக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. அதனால் கேள்விகள் அடிப்படையிலிருந்தே வரும். வரையறையைச் சொல்லுங்கள், இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும், ஓர் உதாரணம் கொடுங்கள். நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் அது இல்லாமல் தேற்றம் உடைகிற ஓர் எதிர் உதாரணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தலைப்பிலிருந்தும் ஒரு கேள்வி வரும். சீட்டு என்றதும், கட்டை இரண்டாகப் பிரித்துச் சரசரவென்று கோத்துக் கலைப்பதைப் பற்றிக் கேட்பார்கள். கணிதவியலாளர் டேவ் பேயரும் டயகோனிஸும் 1992இல் வெளியிட்ட கணக்கின்படி, 52 சீட்டில் 5 முறைக்குப் பிறகும் மொத்த மாறல் தூரம் 0.924, 7 முறைக்குப் பிறகு 0.334, 8 முறைக்குப் பிறகு 0.167. நம் முறையில் தூரம் 0.14க்குள் வந்துவிடும் என்று உறுதி சொல்ல 310 முறை வேண்டும். இந்த ஒப்பீட்டை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் "அது ஏன் அவ்வளவு வேகமாகக் கலைகிறது?" என்பதாக இருக்கும். ஒரு முறை கோத்துக் கலைக்கும்போது 52 சீட்டுமே நகர வாய்ப்பிருக்கிறது. நம் முறையில் ஒரே ஒரு சீட்டைத்தான் எடுத்துச் செருகுகிறோம் என்பதிலிருந்து பதிலைத் தொடங்குங்கள்.